மார்ட்டினிக் தீவு: தலைநகரும் வடக்குக் கிராமங்களும் (மாணவர் செலவில், கார் இல்லாமல்)

நெய்தல்:

வணக்கம். பிரான்சின் தூலூஸில் முதுகலை படிக்கிறேன். மே மாதம் தேர்வு முடிந்த கையோடு மார்ட்டினிக் போய்வந்தேன். தமிழில் இந்தத் தீவைத் தேடினால் "கரீபியன் கடலில் மாரியம்மன்!" என்று வியப்புக்குறிகள்தான் வரிசையாக வருகின்றன. எங்கே தங்குவது, பஸ் ஓடுமா, ஞாயிற்றுக்கிழமை சோறு கிடைக்குமா என்று ஒருவரும் எழுதக் காணோம். அதற்காகத்தான் இந்த இழை.

முதலில் விசா. மார்ட்டினிக் 1946 முதல் பிரான்சின் ஒரு மாவட்டம். செலாவணி யூரோ, தபால் பெட்டி மஞ்சள், பள்ளிப் பாடத்திட்டம் பாரிஸ் சொன்னபடி. ஆனால் ஷெங்கன் எல்லைக்குள் வராது. பிரான்ஸ் வதிவிட அட்டை வைத்திருப்பவர்களுக்குத் தனி விசா வேண்டாம். சென்னையிலிருந்து சாதாரண ஷெங்கன் விசா எடுத்து வருபவர்கள் அதை வைத்துக்கொண்டு அங்கே இறங்க முடியாது. கடல்கடந்த பகுதிகளுக்கும் செல்லும் என்று விசாவில் இருக்க வேண்டும். பாரிஸின் ஓர்லி விமான நிலையத்திலிருந்து உள்நாட்டு விமானம் மாதிரிதான் கிளம்புகிறது, ஆனாலும் எட்டரை ஒன்பது மணி நேரம் உட்கார வேண்டும்.

தலைநகர் ஃபோர்-தெ-பிரான்ஸ். சுற்றுலாப் பயணிகள் பலர் விமான நிலையத்திலேயே காரை வாடகைக்கு எடுத்து நேரே தெற்குக் கடற்கரைக்குப் போய்விடுகிறார்கள். ஊரைப் பற்றிக் கேட்டால் "அழுக்கு, வெயில், ஒன்றுமில்லை" என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வார நாளில் காலை ஏழு மணிக்கு கிரான் மார்ஷே சந்தைக்குள் நுழைந்து பாருங்கள். மஞ்சள் பொடி, பட்டை, ஜாதிக்காய், வெனிலா, மூலிகைக் கட்டு, பாட்டிலில் ஊறும் ரம் என்று மூக்குக்கு ஓய்வே இல்லை. கடைக்கார அம்மாக்களிடம் முதலில் "போன்ஜூர்" சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விலை கேட்டால் பதில் வராது. நம் ஊரில் யாரையும் பார்த்ததும் வணக்கம் சொல்லும் வழக்கம் நமக்குக் குறைவு என்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன்.

சந்தையிலிருந்து நடக்கிற தூரத்தில் ஷெல்ஷேர் நூலகம். இரும்புச் சட்டம், வண்ண ஓடு, மேலே கண்ணாடிக் கவிகை. பாரிஸில் செய்து, பிரித்து, கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்து பூட்டிய கட்டடம். 1893-இல் திறந்தார்கள். வடிவமைத்தவர் பியேர்-ஆன்ரி பிக். அதே ஆளின் கைவண்ணம்தான் சற்றுத் தள்ளியிருக்கும் சேன் லூயி பேராலயமும், அதுவும் இரும்பு. ஏன் எல்லாம் இரும்பு என்று கேட்டால், 1839-இல் நிலநடுக்கம் வந்து கல் கட்டடங்களைச் சாய்த்தது, 1890-இல் தீ வந்து மர வீடுகளைத் தின்றது. இரண்டுக்கும் தப்ப வேறு வழி தெரியவில்லை. அடிமை ஒழிப்புக்குப் பாடுபட்ட விக்தோர் ஷெல்ஷேர் ஊருக்குக் கொடுத்த புத்தகங்களில் பெரும்பகுதியும் அந்தத் தீயில் போனவைதான்.

எதிரே லா சவான் மைதானம். நெப்போலியனின் மனைவி ஜோசஃபின் பிறந்தது இந்தத் தீவில், விரிகுடாவுக்கு அந்தப் பக்கம் த்ருவா-ஸிலேயில். அவருக்கு இங்கே ஒரு பளிங்குச் சிலை இருந்தது. 1991-இல் யாரோ அதன் தலையை வெட்டி எடுத்தார்கள், நகராட்சி புதுத் தலை வைக்கவில்லை. தலையில்லாத சிலையே சுற்றுலாக் காட்சியாகி, 2020 ஜூலையில் போராட்டக்காரர்கள் முழுவதையும் இழுத்துச் சாய்த்தார்கள். இப்போது வெறும் புல்தான். அதே ஆண்டு மே 22 அன்று ஷெல்ஷேரின் சிலைகளும் விழுந்தன. "எங்கள் விடுதலையை வெள்ளைக்காரர் ஒருவர் தந்தார் என்ற கதை போதும்" என்பது இளைஞர்களின் வாதம். அதில் எனக்கு முழு உடன்பாடு உண்டா என்றால் தெரியாது. ஆனால் வாதம் புரிகிறது.

கிராமப் பகுதியைப் பிறகு எழுதுகிறேன், நூலகம் மூடுகிற நேரம்.

காகிதக்கப்பல்:

அருமை. ஒரு கேள்வி: தனியாகவா போனீர்கள்? என் தங்கை மார்செய்யில் படிக்கிறாள், அவளுக்கும் இப்படி ஓர் ஆசை. வீட்டில் அம்மா ஒப்புக்கொள்ள வேண்டுமே.

நெய்தல்:

தனியாகத்தான். பகலில் எந்தப் பயமும் இல்லை. நகரின் நடுப்பகுதி மாலை ஆறு ஆறரைக்கெல்லாம் கடை அடைத்து வெறிச்சோடிவிடும். அதற்குப் பிறகு அங்கே தனியாகச் சுற்றுவதை ஊர்க்காரர்களே விரும்புவதில்லை. நான் ஷெல்ஷேர் பக்கம் தங்கினேன் (ஆமாம், நூலகத்தின் பெயரேதான், பக்கத்து ஊரின் பெயரும் அது). ஆந்தீல் (இந்தத் தீவுக்கூட்டத்தின் பிரெஞ்சுப் பெயர்) பல்கலைக்கழகத்தின் வளாகம் அங்கே இருப்பதால் மாணவர் நடமாட்டம் உண்டு, மாணவர் உணவகமும் உண்டு. பிரான்சில் நாம் பயன்படுத்தும் அதே மாணவர் அட்டை. தங்கையிடம் இதைச் சொல்லுங்கள், பாதிச் செலவு இதில் மிச்சம்.

செலவு பற்றி இன்னொன்று. உணவுப் பொருள் விலை பிரான்சை விட 40 சதவீதம் அதிகம் என்று 2022-இல் அரசுப் புள்ளியியல் நிறுவனமே கணக்குச் சொன்னது. யோகர்ட் டப்பா விலையைப் பார்த்து நின்றுவிடுவீர்கள். 2024 செப்டம்பரில் இதற்காகப் பெரிய போராட்டமே வெடித்தது, சாலை மறியல், ஊரடங்கு எல்லாம். எல்லாம் கப்பலில் வருகிறது, அதன் மேல் துறைமுக வரி, அதன் மேல் ஒரு சில குடும்பங்களின் கையில் இருக்கும் மொத்த வணிகம். பழைய தோட்ட முதலாளிகளின் வம்சம், "பெக்கே" என்பார்கள். அம்மாவிடம் சொல்ல வேண்டாத விஷயம் இது. பையில் அரிசி, பருப்பு கட்டிக் கொடுத்துவிடுவார்.

பழைய_காரைக்கால்:

தங்கச்சி, நன்றாக எழுதுகிறீர்கள். நான் முப்பது வருடத்துக்கு மேல் பாரிஸ் புறநகரில் இருக்கிறேன், சொந்த ஊர் காரைக்கால். ஃபோர்-தெ-பிரான்ஸ் பார்த்ததில் ஒரு குறை. மேட்டில் த்ரெனெல் குடியிருப்பைப் பார்க்கவில்லையா? சர்க்கரை ஆலைகள் ஒவ்வொன்றாக மூடியபோது கிராமத்து ஜனம் தலைநகருக்கு வந்து குவிந்தது. மலைச்சரிவில் அவர்களே கட்டிக்கொண்ட வீடுகள் அவை. மேயர் எமே சேசேர் அவர்களை விரட்டாமல் தண்ணீர், மின்சாரம் கொடுத்தார். கவிஞர் என்று உலகம் அறிந்தவர், 1945 முதல் 2001 வரை அந்த ஊருக்கு மேயர். 56 வருடம்! நம் ஊரில் கவுன்சிலர்கூட அவ்வளவு நாள் தாங்க மாட்டார். அவர் பிறந்தது 1913-இல் பாஸ்-புவான்த், நீங்கள் தலைப்பில் சொல்லும் அதே வடக்கு. தலைநகரையும் கிராமத்தையும் தனித்தனியாகப் பார்க்க முடியாது என்பதற்குத்தான் சொல்கிறேன்.

சேன்-பியேர் போனீர்களா?

நெய்தல்:

ஐயா, போனேன். த்ரெனெல்லை பஸ்ஸிலிருந்துதான் பார்த்தேன். சரிவில் ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நிற்கிற வீடுகள். உள்ளே நடக்கவில்லை. யாரோ ஒருவர் வீட்டு வாசலைக் கேமராவோடு கடப்பது எனக்குச் சங்கடம்.

சரி, வடக்கு. கார் இல்லாதவர்களுக்கு எல்லாமே புவான்த் சிமோனிலிருந்து தொடங்குகிறது. கடலோரத்தில் இருக்கிற பஸ், பகிர்வு வண்டி நிலையம் அது. நேர அட்டவணை இருக்கிறது, அதை ஓர் ஆசையாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் வண்டி உண்டு, மதியத்துக்குப் பிறகு குறைந்துகொண்டே வரும், மாலை ஆனால் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மறந்துவிடுங்கள். மே மாதத்தில் 1, 8, 22 என்று விடுமுறை வேறு வரிசையாக வரும்.

சேன்-பியேர் தலைநகரிலிருந்து கடலோரமாகவே ஒரு மணி நேரம். 1902 வரை தீவின் பெரிய ஊர் அதுதான், "ஆந்தீலின் சின்னப் பாரிஸ்" என்று பெயர். நிர்வாகம் ஃபோர்-தெ-பிரான்ஸில் இருந்தது, பணமும் நாடகமும் இங்கே. 1902 மே 8, காலை எட்டு மணி தாண்டியதும் மோன் பெலே எரிமலையிலிருந்து கொதிக்கும் வாயுவும் சாம்பலும் சேர்ந்த மேகம் உருண்டு வந்து ஊரை மூடியது. நிமிடங்களில் சுமார் 28 ஆயிரம் பேர் இறந்தார்கள். நாடக அரங்கின் படிக்கட்டு மட்டும் இன்னும் இருக்கிறது. அதை ஒட்டிக் கீழே தடித்த சுவர் வைத்த ஒரு சிறை அறை. அதற்குள் அடைபட்டிருந்த சிப்பாரிஸ் என்ற கைதி உடம்பெல்லாம் வெந்தும் பிழைத்துக்கொண்டார். பிறகு அமெரிக்க சர்க்கஸ் ஒன்று அவரை ஊர் ஊராகக் கூட்டிப்போய்க் காட்டியது. அந்த அறைக்குள் குனிந்து நின்றேன். சின்ன ஜன்னல் ஒன்று, அதுவும் மலையைப் பார்க்காத பக்கம்.

ஆனால் சேன்-பியேரை எரிமலை ஊராக மட்டும் பார்த்துவிட்டு வருவது எனக்குப் பிடிக்கவில்லை. நான் இருந்தபோது மே 22 வந்தது. 1848-இல் பாரிஸ் ஏப்ரல் 27-ஆம் தேதியே அடிமை ஒழிப்பு ஆணையில் கையெழுத்திட்டுவிட்டது, ஆணை கப்பலில் வந்துகொண்டிருந்தது. இங்கே ரோமேன் என்ற அடிமை பறை கொட்டியதற்காகப் பிடித்து அடைத்தார்கள். அதற்காகத் திரண்ட கூட்டம் கிளர்ச்சியாகி, மறுநாள் மே 23 அன்று ஆளுநர் கப்பலுக்குக் காத்திராமல் ஒழிப்பை அறிவித்தார். ஆகவே அவர்கள் கொண்டாடுவது பாரிஸின் தேதியை அல்ல, தங்கள் தேதியை. இரவு வரை பெலே முரசு (எரிமலைப் பெயர் மாதிரி ஒலித்தாலும் இது இங்குள்ள முரசிசையின் பெயர்). அடிப்பவர் முரசைப் படுக்கப் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்து, குதிகாலால் தோலை அழுத்திச் சுருதி மாற்றுகிறார். பின்னால் இன்னொருவர் இரண்டு குச்சிகளால் முரசின் மரத்தில் தட்டுகிறார். எனக்கு வலப்பக்கம் நின்ற பாட்டி, "கால் ஆடுகிறதே, உள்ளே போ" என்று தள்ளிவிட்டார். அன்று திரும்ப பஸ் ஏது? அவர் மகன் வண்டியில்தான் வந்தேன்.

அப்புறம் பாஸ்-புவான்த். சேன்-பியேரிலிருந்து மோர்ன்-ரூழ் வழியாக மலையின் தோளைத் தாண்டி அட்லாண்டிக் பக்கம் இறங்க வேண்டும். இந்தப் பக்கம் வந்ததும் தீவே மாறிவிடுகிறது. கடல் கறுத்து அடிக்கிறது, குளிக்க முடியாது. மணல் எரிமலைக் கறுப்பு. சாலையின் இரண்டு பக்கமும் வாழை, குலைகளுக்கு நீலப் பிளாஸ்டிக் உறை போட்டிருப்பார்கள். நடுவில் கரும்பு. அறுவடை பிப்ரவரியில் தொடங்கி ஜூன் வாக்கில் முடியும் என்பதால் கடைசி லாரிகளைப் பார்த்தேன். இங்கே ரம் பெரும்பாலும் வெல்லப்பாகிலிருந்து வருவதில்லை, கரும்புச் சாற்றை அப்படியே புளிக்கவைத்து வடிக்கிறார்கள். 1996 முதல் அதற்குத் தனி புவிசார் தரச் சான்று உண்டு. பக்கத்து மக்கூபாவில் ஜே.எம். வடிசாலையைச் சுற்றிப் பார்க்கக் காசு வாங்கவில்லை. நான் குடிப்பதில்லை, சாறு பிழிகிற வாசனைக்கே போனது வீண் இல்லை.

நான் தங்கிய வீட்டம்மாவின் குடும்பப் பெயர் தமிழ்ப் பெயர். அதைப் படித்ததும் எனக்கு உள்ளே ஏதோ துள்ளியது, மறைக்கவில்லை. நான் தமிழ்நாடு என்றதும் அவர் "ஓ, பாண்டிச்சேரி" என்றார், அவ்வளவுதான். பிறகு மழை, வாழை விலை, பாரிஸில் வேலை பார்க்கும் மகள் என்று போய்விட்டது பேச்சு. ஞாயிறு காலை தேவாலயம் போனார். தோட்டப் பாதையில் ஒரு சின்னக் கோயில் இருப்பதை மூன்றாவதாகவோ நான்காவதாகவோதான் சொன்னார். தகரக் கூரை, வெளுத்த சுவர், உள்ளே மாரியம்மனும் மதுரை வீரனும். அங்கே மாரியெமேன், மால்தெவிலேன். வெளியே கொடிக்கம்பம் ஒன்று. அது யாருக்கு என்று கேட்டால் "நகூர் மீரா". நம் நாகூர் ஆண்டவர்! கப்பல் கரை சேர வேண்டிக்கொண்டவர்களின் ஞாபகம்.

பொதிகைச்சாரல்:

படிக்கப் படிக்கக் கண் கலங்குகிறது. நம் இனம் எங்கோ கடல் நடுவில் மொழியை இழந்து, பெயரை இழந்து, மதம் மாறி வாடுகிறதே! தமிழ்நாட்டு அரசும் உலகத் தமிழ் அமைப்புகளும் உடனடியாக ஆசிரியர்களை அனுப்பித் தமிழ் கற்றுத்தர வேண்டும். அந்த அம்மையாரிடம் நீங்கள் இதை எடுத்துச் சொல்லியிருக்கலாமே சகோதரி?

நெய்தல்:

என்னவென்று சொல்வது? அவர் வீட்டில் உட்கார்ந்து, அவர் சமைத்ததைத் தின்றுவிட்டு, "நீங்கள் வாடுகிறீர்கள்" என்றா? அவர் வாடவில்லை. நல்ல வாழைத்தோப்பு வைத்திருக்கிறார்.

பழைய_காரைக்கால்:

பொதிகை தம்பி, கோபப்படாமல் கேளுங்கள். அடிமை முறை ஒழிந்ததும் தோட்ட முதலாளிகளுக்குக் கூலி ஆள் குறைந்தது. 1853 மே மாதம் "ஒரேலி" என்ற கப்பல் முதல் தொகுதியோடு சேன்-பியேர் போய்ச் சேர்ந்தது. அதிலிருந்து முப்பது வருடத்தில் மார்ட்டினிக்குக்கு மட்டும் 25 ஆயிரத்துக்கு மேல். பக்கத்துக் குவாதலூப்புக்கு 40 ஆயிரத்துக்கு மேல். ஏறிய துறைமுகங்களில் புதுச்சேரியும் எங்கள் காரைக்காலும் முக்கியம். ஐந்து வருட ஒப்பந்தம், முடிந்தால் திரும்ப இலவசப் பயணம் என்று காகிதத்தில் இருந்தது. பலர் திரும்பவே இல்லை, கணிசமானோர் நோயிலும் வேலையிலும் செத்தார்கள். அப்போதுதான் விடுதலையான கறுப்பின மக்களுக்கு இவர்கள் குறைந்த கூலிக்கு வந்து கெடுக்கும் ஆள்கள். முதலாளிக்கு மலிவான உடம்பு. இரண்டு பக்கமும் ஏச்சு. "கூலி" என்பது அங்கே இன்றும் ஒரு மாதிரியான சொல்தான்.

குடியுரிமை சும்மா கிடைக்கவில்லை. குவாதலூப்பின் கப்பெஸ்தேரில் ஆன்ரி சிதம்பரம் என்பவர் 1904 முதல் 1923 வரை நீதிமன்றம், அமைச்சகம் என்று ஏறி இறங்கித்தான் இந்திய வம்சாவளியினருக்குப் பிரெஞ்சு உரிமை கிடைத்தது. அவர்கள் கேட்டது அந்த மண்ணில் சமமாக நிற்கும் உரிமை. அதை வாங்கிக்கொண்டார்கள். இப்போது நாம் போய்த் துக்கம் விசாரிப்பதில் என்ன இருக்கிறது?

தமிழ் கற்க ஆசைப்படுபவர்கள் இருக்கிறார்கள், கற்கிறார்கள். அவர்களாகக் கேட்டால் உதவுவோம்.

பொதிகைச்சாரல்:

ஐயா, நான் சொன்னது அக்கறையில். "துக்கம் விசாரிப்பது" என்று எடுத்துக்கொண்டால் எப்படி? ஆனாலும் சிதம்பரம் பற்றிய செய்தி புதிது. நன்றி.

சைவமுரசு:

கோயில் என்கிறீர்கள். அங்கே ஆடு வெட்டுகிறார்கள் என்று படித்தேன். அது எப்படி இந்துக் கோயில் ஆகும்? வழி தவறியவர்களைத் திருத்த யாரும் இல்லையா?

கருவேலம்:

எங்கள் ஊர் கருப்பசாமிக்கு ஆடி மாதம் கிடா வெட்டுகிறோம். திருத்த வாருங்கள், கறிச்சோறு போட்டே அனுப்புகிறோம். தமிழ்நாட்டிலேயே 2003-இல் பலித் தடைச் சட்டத்தைத் தூசு தட்டி எடுத்து, எதிர்ப்பு தாங்காமல் 2004-இல் சட்டத்தையே ரத்து செய்தார்கள். கப்பல் ஏறியவர்கள் ஆகமம் படித்தவர்கள் இல்லை. அவர்கள் தங்கள் சாமியைக் கொண்டுபோனார்கள், அந்தச் சாமி என்ன சாப்பிடுமோ அதைப் போடுகிறார்கள்.

மட்டுறுத்துநர்:

பலி விவாதத்துக்கு ஏற்கெனவே ஓர் இழை இருக்கிறது, எழுநூறு பதிவு தாண்டி ஓடுகிறது. அங்கே போய் வெட்டிக்கொள்ளுங்கள். இங்கே பயணம்.

ஊதாநிறப்பை:

மட்டுறுத்துநர் மன்னிக்க, பலி நல்லதா கெட்டதா என்று பேசவில்லை, பார்த்ததைச் சொல்கிறேன். நான் குவாதலூப்பில் செவிலியராக வேலை செய்தேன். ஷாங்ஜி கோயில் ரோட்டோரமாகப் பெரிதாக, வண்ணமாக இருக்கும், எல்லோரும் அங்கேதான் படம் எடுப்பார்கள். எனக்கு நினைவில் நிற்பது ஒரு வீட்டு வேண்டுதல். உடன் வேலை செய்தவரின் குழந்தை நோயிலிருந்து தேறியதற்காக நடத்தினார்கள். தப்பு அடித்தார்கள். கழுத்தில் மாட்டி, இரண்டு குச்சியால், அப்படியே நம் அடி. பூசாரி பாடிய பாட்டில் ஒவ்வொரு சொல்லாக எனக்குப் பிடிபட்டது. பாடியவருக்குப் பொருள் தெரியாது, ஆனால் ஒரு வரி விடாமல் பாடினார். மார்ட்டினிக்கில் பூசாரி கத்தியின் கூர்விளிம்பு மேல் ஏறி நின்று அருள்வாக்குச் சொல்வார், பக்கத்தில் ஒருவர் அதைத் தீவு மக்களின் பேச்சுமொழியான கிரியோலில் எடுத்துச் சொல்வார் என்றும் கேள்விப்பட்டேன், அதை நேரில் பார்க்கவில்லை.

கூட்டத்தில் பாதிப் பேருக்கு இந்திய முகமே இல்லை. கறுப்பினத்தவர்கள், கலப்பினத்தவர்கள், எல்லோருக்கும் அம்மனிடம் ஒரு கணக்கு இருந்தது. வந்தவர்களுக்கெல்லாம் இலையில் சாப்பாடு.

அழைப்பில்லாமல் இதையெல்லாம் தேடிக்கொண்டு போகாதீர்கள். மூன்று நாள் முன்பிருந்தே அசைவம் தவிர்த்து விரதம் இருக்கச் சொல்வார்கள், வேடிக்கை பார்ப்பதற்கென்று இடம் கிடையாது.

காகிதக்கப்பல்:

தங்கை சைவம் வேறு. பட்டினி கிடப்பாளா?

நெய்தல்:

கிடக்க மாட்டாள், ஆனால் கேட்டுக் கேட்டுச் சாப்பிட வேண்டும். அக்ரா என்று சின்னச் சின்னப் போண்டா எல்லா மூலையிலும் பொரிப்பார்கள். பெரும்பாலும் உள்ளே உப்புக் கருவாடு. காய்கறி அக்ராவும் உண்டு, தனியாகக் கேட்க வேண்டும். சிவப்புப் பயறும் சோறும் பார்க்கச் சைவம் மாதிரியே இருக்கும், பன்றி வால் துண்டு ஒன்று அடியில் பதுங்கியிருக்கும். சீமைப்பலாவை நெருப்பில் சுட்டோ வேகவைத்தோ தருவார்கள், வெண்ணெய் தடவி அதையே இரண்டு வேளை தின்னலாம். சேப்பங்கிழங்கு, சேனை வகை, பெங்களூர்க் கத்தரிக்காயைப் பாலாடைக்கட்டி போட்டுச் சுட்ட கிரதேன் எல்லாம் கிடைக்கும்.

கொலோம்போ என்கிற மசாலாக் கறிதான் தீவு முழுக்கச் சமைக்கும் வாராந்தர உணவு. மல்லி, சீரகம், மஞ்சள், கடுகு, வெந்தயம் அரைத்த பொடி, மிளகாய் இல்லை. காரம் வேண்டுமென்றால் அந்தக் குண்டு மிளகாயை முழுதாக மேலே மிதக்கவிட்டு, உடையாமல் எடுத்துவிடுவார்கள். ஆட்டுக்கறி, கோழி இரண்டும் வழக்கம். வீட்டம்மா எனக்கு மாங்காயும் கத்தரிக்காயும் போட்டுச் செய்தார். நன்றாக இருந்தது. நம் குழம்பு மாதிரி இருந்ததா என்று எல்லோரும் கேட்கிறார்கள். இல்லை, புளி இல்லை, எலுமிச்சையைக் கடைசியில் பிழிகிறார்கள், தைம் இலை வாசனை தூக்கலாக இருக்கிறது. வேறு ஒரு சாப்பாடு.

மண்புழு:

நான் மண் அறிவியல் ஆய்வு மாணவன். யாரும் தொடாத ஒன்றைச் சொல்கிறேன். அந்த அழகான வாழைத்தோட்டங்களில் 1972 முதல் 1993 வரை குளோர்டெகோன் என்ற பூச்சிக்கொல்லியைப் போட்டார்கள், வாழைக் கூன்வண்டுக்கு. அமெரிக்காவில் 1970-களிலேயே அதைத் தயாரித்த ஆலைத் தொழிலாளர்கள் பாதிக்கப்பட்டு உற்பத்தி நின்றது. பிரான்ஸ் 1990-இல் தடை செய்தும் தீவுகளுக்கு மட்டும் விலக்கு கொடுத்து 1993 வரை இழுத்தது. அது மண்ணில் நூற்றாண்டுக் கணக்கில் தங்கும். இன்று மார்ட்டினிக், குவாதலூப் பெரியவர்களில் 90 சதவீதத்துக்கு மேல் ரத்தத்தில் அது இருக்கிறது. ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள புராஸ்டேட் சுரப்பியில் வரும் புற்றுநோயோடு அதற்குத் தொடர்பு இருப்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. 2006-இல் போட்ட வழக்கை, யாரையும் விசாரணைக் கூண்டில் ஏற்றாமலே 2023 ஜனவரியில் நீதிபதிகள் முடித்து வைத்தார்கள். தெருவில் இறங்கிய கோபம் இன்னும் அடங்கவில்லை.

பயணிக்கு இதனால் என்ன? சில நாள் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. கிழங்கு வகைதான் மண்ணிலிருந்து அதிகம் உறிஞ்சும். வாழைப்பழத்தில் ஏறுவதில்லை என்பது இதில் பெரிய முரண். ஆற்று மீன், நண்டு பிடிக்கத் தடை போட்ட இடங்கள் வடக்கில் உண்டு, பலகை வைத்திருப்பார்கள்.

நெய்தல்:

நன்றி மண்புழு. வீட்டம்மாவும் கிழங்கு தந்தபோது "இது என் தோட்டம், மண் பரிசோதனை செய்தாயிற்று" என்று முதலிலேயே சொன்னார். அரசு இலவசமாகவே வந்து சோதிக்கிறதாம். விருந்தாளிக்குத் தட்டு வைக்கும்போது மண் பரிசோதனை பற்றிச் சொல்ல வேண்டியிருப்பதுதான் எனக்கு உறுத்தியது.

தென்றல்_தெற்கு:

வடக்கு வடக்கு என்று தெற்கை ஒதுக்கிவிட்டீர்கள். சலீன் கடற்கரையைப் பார்க்காமல் மார்ட்டினிக் பயணம் என்று எழுதுவது அநியாயம். வெள்ளை மணல், தென்னை, ஆழமில்லாத நீலம். ஒரே எச்சரிக்கை: தண்டில் சிவப்புப் பட்டை அடித்த மரத்தின் கீழ் ஒதுங்காதீர்கள், முக்கியமாக மழையில். மான்சினியே மரம். அதன் பால் பட்டால் தோல் கொப்பளிக்கும், பழம் சின்ன ஆப்பிள் மாதிரி ஆசை காட்டும்.

தியாமான் ஊருக்கு வெளியே ஆன்ஸ் கஃபாரில் பதினைந்து வெள்ளைச் சிலைகள் கடலைப் பார்த்துக் குனிந்து நிற்கின்றன. 1830 ஏப்ரலில், அடிமை வணிகம் சட்டவிரோதமான பிறகும் களவாக ஆட்களை ஏற்றிவந்த கப்பல் ஒன்று அங்கே பாறையில் மோதி உடைந்தது. 1998-இல் லோரான் வலேர் செய்த நினைவிடம். சிலைகள் 110 பாகையில், கினி வளைகுடாத் திசையில் நிற்கும். உங்கள் மே 22 கதைக்கு இது அவசியம் சேர வேண்டிய இடம்.

நெய்தல்:

சலீனை ஒதுக்கவில்லை, பஸ் என்னை ஒதுக்கியது. நகரிலிருந்து விரிகுடாவைக் கடக்கும் படகில் த்ருவா-ஸிலே பக்கம் மட்டும் போனேன், இருபது நிமிடம், மொத்தப் பயணத்திலும் சொன்ன நேரத்துக்கு வந்த ஒரே வாகனம் அந்தப் படகுதான். ஆன்ஸ் கஃபார் போகாதது வருத்தமே. கார் ஓட்டத் தெரிந்த தோழி ஒருத்தி இருந்தால் தெற்குக்குச் செலவைப் பங்கு போட்டுக்கொள்ளலாம்.

காகிதக்கப்பல்:

கடைசிக் கேள்வி, எந்த மாதம் போவது? கார்னிவலுக்குப் போகலாமா?

ஊதாநிறப்பை:

கார்னிவல் தவக்காலத்துக்கு முன்பு, பிப்ரவரி அல்லது மார்ச்சில் வரும். சாம்பல் புதன் அன்று ஊரே கறுப்பு வெள்ளை உடுத்தி, வவால் என்ற கொடும்பாவியை எரித்து ஒப்பாரி வைத்து முடிக்கும். மற்ற கத்தோலிக்க ஊர்கள் பலவற்றில் முந்தின நாளே முடிந்துவிடும், இங்கே ஒரு நாள் கூடுதல். ஆனால் அந்த வாரம் விமானக் கட்டணம் மாணவர் கைக்கு எட்டாது. டிசம்பர் கடைசி முதல் மே வரை வறண்ட காலம், ஜூனிலிருந்து நவம்பர் வரை மழை, ஆகஸ்ட் செப்டம்பரில் புயல். ஜூலை கடைசி வாக்கில் யோல் என்கிற பாய்மரப் படகுப் போட்டி தீவைச் சுற்றி நடக்கும், அதுவும் பார்க்கத் தகுந்தது.

நெய்தல்:

மே முதல் பாதியைச் சொல்வேன். மாம்பழமும் உண்டு, கட்டணமும் இறங்கியிருக்கும். தங்கைக்கு நடக்கப் பிடிக்குமென்றால் வடகோடியில் கிரான்-ரிவியேரிலிருந்து பிரெஷெர் வரை காட்டு வழி ஒன்று இருக்கிறது, ஆறு மணி நேரம் ஆகும், இடையில் சாலையே கிடையாது. தனியாகப் போக வேண்டாம், குழுவோடு போகட்டும். அந்தக் காட்டில் தீவுக்கே உரிய விஷப் பாம்பு ஒன்று உண்டு, மூடிய காலணி கட்டாயம். முடிகிற இடத்திலிருந்து சேன்-பியேர் திரும்ப வண்டிக்கு முதல் நாளே பேசி வைத்துவிடச் சொல்லுங்கள். மாதமும் தேதியும் முடிவானதும் தனிமடல் அனுப்புங்கள், வீட்டம்மாவிடம் அறை இருக்கிறதா என்று கேட்டுச் சொல்கிறேன்.